என் சலூன் கண்ணாடியும் அக்காவின் ஆடும்

என் சலூனில் இருப்பதே இரண்டு பெரிய கண்ணாடிகள். அவற்றைக் கழற்றி, தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நான் தூக்கிவந்தேன். எல்லாம் என் அக்கா ராக்காயியின் ஆட்டுக்காக. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த ஆடு புதிதாக நட்ட இளந்தேயிலைக்குள் புகுந்து ஒரு நிரை முழுவதையும் மொட்டையடித்துவிட்டது. தோட்டத்து மானேஜர் தொரை உடனே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா செல்லசாமியைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். நாளைக் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பியதும் லயம் லயமாகத் தேட வேண்டும், ஆட்டைப் பிடித்துப் பங்களாக் குசினியில் கறிக்கு ஒப்படைக்க வேண்டும். ரோட்டில் வாச்சர் நின்றதால் வெளியே ஓட்டிப்போகவும் வழியில்லை. பிள்ளைகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனபின் அக்கா பேசுவதற்கு இருந்தது அந்த ஆடு மட்டும்தான். அவள் சோறு தின்னாமல் கிடந்தாள்.

அப்போதுதான் உமாசுதன் மாஸ்டர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அது 2006 கடைசி. வெளிநாட்டில் ஒரு சின்னச் செம்பு உருளையைச் சுற்றி வளையம் வைத்து, நுண்ணலையை வளைத்து அதை மறைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்ததிலிருந்து மனுசனுக்குத் தூக்கமில்லை.

"ஒளி ஒரு பொருளில பட்டு எங்கட கண்ணுக்கு வந்தாத்தான் அது தெரியும், அழகன். கல்லைச் சுத்தித் தண்ணி ஓடுற மாதிரி ஒளி ஆட்டைச் சுத்திப் போச்செண்டால், ஆடு அங்கயே நிக்கும், ஆனா ஒருத்தருக்கும் தெரியாது."

"நம்மகிட்ட அந்த வளையம் இல்லையே மாஸ்டர்?"

"வளைக்க ஏலாட்டி என்ன, திருப்பி விடுவம். உம்மட்டக் கண்ணாடி இருக்குத்தானே?"

இடம் பார்த்ததும் அவர்தான். கவ்வாத்து வெட்டிய மலை. செடியெல்லாம் வெறும் குச்சி, ஒரு பூனைகூட ஒளிய முடியாது, அதனால் யாரும் தேட மாட்டார்கள். இரண்டு கண்ணாடிகளையும் செங்குத்தாக, கூரை முகடு மாதிரி ஓரம் சேர்த்து, முனை ரோட்டைப் பார்க்க நிறுத்தி, ஆட்டை அதற்குப் பின்னால் கட்டினோம். ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்குக் கண்ணாடியில் தெரிவது இடப்பக்கமும் வலப்பக்கமும்தான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே குச்சிதானே! நான் ரோட்டில் ஏறி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆடு இல்லை. என் கோபமும் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆட்டின் வாயில் புல்லைத் திணித்துக்கொண்டு நானும் கண்ணாடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ரசம் உரிந்த ஒரு பொட்டு வழியே வெளியே தெரிந்தது. செல்லசாமி ரோட்டில் வந்தார், நின்றார், எங்கள் பக்கம் பார்த்தார், ஒன்றும் தெரியாமல் நடந்தார். மாஸ்டரை மனதுக்குள் கும்பிட்டேன்.

ஆனால் அவர் ரோட்டோடு போகவில்லை. லயத்துக்குச் சீக்கிரம் போக, பக்கத்துக் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார். மாஸ்டரின் கணக்கில் அந்தப் பாதை இல்லை. இப்போது ஒரு கண்ணாடி அவருக்கு நேர் எதிரே நின்றது.

செல்லசாமி உடுத்துவதெல்லாம் தொரை மாதிரிதான். அரைக்கால்சட்டை, நீளச் சாக்ஸ், தொப்பி. மூடுபனியில் அவருடைய மூக்குக்கண்ணாடி வேறு ஈரம். குச்சிகளுக்கு நடுவே தொப்பியோடு ஒருவர் நிற்பதைக் கண்டதும் சட்டென்று தன் தொப்பியைக் கழற்றினார்.

"குட் மோர்னிங் சேர்."

எதிரே நின்ற தொரையும் தொப்பியைக் கழற்றினார்.

செல்லசாமி அரண்டுபோனார். தொரை தொப்பி கழற்றுவதா! வழி விட்டு ஒதுங்கினார், தொரையும் ஒதுங்கினார். தொரையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் எங்கள் கண்டாக்கையாவுக்கு இல்லை. தலையைக் குனிந்தபடியே நின்றார். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"சேர்... அந்த ஆடு விசயம்," என்று மெல்ல ஆரம்பித்தார். "அந்தப் பொம்பள பாவம் சேர். புள்ளைங்க யாரும் கிட்ட இல்ல. அத வெட்டிட்டா அதுக்கு யாரு இருக்கா? நேத்தே சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல. இந்த ஒரு தடவ விட்டுருவமா சேர்?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்த மனுசனையா இத்தனை நாளாக வைது தீர்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

செல்லசாமி, "சரிங்களா சேர்?" என்று தலையாட்டியபடி புருவத்துக்கு அடியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார். தொரையும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"தேங்க்யூ சேர்! தேங்க்யூ!"

அவர் பாதை வழியே லயத்துக்கு வருவதற்குள் நான் குச்சிகளுக்குள் விழுந்தெழும்பி ஓடி, அக்காவிடமும் மாஸ்டரிடமும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். பின்னாலேயே செல்லசாமி வந்தார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது.

"ராக்காயி, ஆட்ட வெளியில கொண்டாந்து கட்டு. இனிமே தேயிலப் பக்கம் விடாத. தொரைகிட்ட நேராவே கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. தொப்பியக் கழத்தி மரியாதையா நின்னு கேட்டாரு, தெரியுமா!"

மாஸ்டர் ஒளித்தெறிப்பை விளக்க வாயெடுத்தார். அக்கா அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தத் தொர ரொம்ப நல்லவருங்கய்யா. இனிமே எதுன்னாலும் அவருகிட்டயே கேளுங்க."