முதலாளி தேர்ந்தெடுத்த திரை

எங்கள் மேனேஜர் வம்சியின் இனிப்பான குரலைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தக் குரலில்தான், என்னோடு வேலை பார்க்கும் ரிஃபத்தை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு வெளியூர் மில்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி எங்களுடையது. காரமடை மில்லில் ஒரு பெரிய கணினிக்குள், பில் போட ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று என்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அவற்றின் திரையை எங்கள் ஆபீசிலிருந்தே பிரவுசரில் திறக்க ஒரு டூல் வேண்டியிருந்தது. மூன்றை ஒப்பிடும் வேலை எனக்கு வந்தது. ஒன்றில் தட்டிய எழுத்து இரண்டிரண்டாக விழுந்ததால் கழித்துவிட்டேன். இன்னொன்று பளிச்சென்று இருந்தது. ஆனால் மெய்நிகர் கணினியின் சொந்த நெட்வொர்க் வழியாகத்தான் உள்ளே போகும். அது அடைபட்டால் இதுவும் போச்சு. மூன்றாவது மங்கல். பெரிய கணினி வழியாகப் போவதால், உள்ளே நெட்வொர்க் செத்தாலும் திரை தெரியும். அதையே வாங்கச் சொன்னேன்.

வம்சி என்ன செய்தார்? மில் முதலாளி லட்சுமிநாராயணனை வரவழைத்து, காபி கொடுத்து, கடையில் புடவை விரிப்பதுபோல் எல்லாவற்றையும் காட்டினார். அவர் பளிச்சென்றிருந்ததைக் கைகாட்டினார். பெரியவர் சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது மரியாதையில்லையாம். பேச வாயெடுத்த என்னை வம்சி கண்ணாலேயே அடக்கினார்.

பிறகு ஒருநாள் ரிஃபத் பில் கணினியின் ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அமைப்பில் எதையோ மாற்றப்போய் நெட்வொர்க் அடைபட்டது. யாருக்கும் நடக்கிற தவறு. திரை கிடைத்திருந்தால் சட்டென்று சரிசெய்திருப்பான். கிடைக்கவில்லை. அவன் பைக்கில் காரமடைக்கு ஓடிச் சரிசெய்யும்வரை பில் இல்லாமல் லாரிகள் மில் வாசலிலேயே நின்றன. பெரியவரின் தேர்வு தப்பாகிவிடக் கூடாதல்லவா, பழி முழுவதும் ரிஃபத் தலையில் விழுந்தது. அவனை நிறுத்தப்போவதாக வம்சி சொன்னது அன்றுதான்.

மறுநாள் லட்சுமிநாராயணன் ஆபீசுக்கு வந்தார். யாரையும் கேட்காமல் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். சோதனைக்கு வைத்திருந்த மெய்நிகர் கணினியை இரண்டு டூலிலும் திறந்து, அதன் நெட்வொர்க்கைத் துண்டித்தேன். அவர் தேர்ந்தெடுத்தது இருண்டுபோனது. மங்கலான திரையில் லாகின் பக்கம் அப்படியே நின்றது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி?"

"சொல்ல விடலீங்க."

வம்சி உடனே கைகூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருகிட்ட எதுக்குங்க? ரிஃபத்துகிட்ட கேளுங்க."

முதலாளியும் தலையாட்டியதால் வம்சி வேறு வழியில்லாமல் ரிஃபத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இவர் பேசுமுன் அவன் முந்திக்கொண்டான்.

"தப்பு என்னோடதுதானுங்க சார். நானே ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டு நின்னுக்கறேனுங்க."

வம்சி மறுக்கவில்லை. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாவி மனுஷன். போனை நான் பிடுங்கினேன்.

"ஒண்ணும் எழுதாதே ரிஃபத். இங்க ஒருத்தரு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும். இன்னும் கேக்கலை."