இரண்டு பேர் கனத்துக்குப் பூட்டிய செயின்

மண்ணுக்குள் போன மகளின் குழியில் மூன்றாவது பிடி மண்ணைப் போட்டபோது நிரஞ்சனின் கால்கள் நிலத்தை விட்டு நான்கு விரல் மேலே எழும்பின. ஈரத்தில் வழுக்குகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்கள் தோளைப் பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் அவனுக்குக் கனமே இல்லை என்பது தெரிந்தது. இரண்டு பேர் அவனுடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் குழியை மூடி முடித்தார்கள். அதே நேரத்தில், மண்சரிவில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த பாடசாலையில், மயானத்துக்குப் போகாத பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவனுடைய மனைவி ஜெயராணிக்குக் கீழே வாங்குப்பலகை முறிந்தது. வேறொரு வாங்கு கொண்டுவந்து போட்டார்கள். அதுவும் முறிந்தது. பிறகு அவளைத் தரையிலேயே உட்காரவைத்தார்கள். அந்தக் கிழமை கடுகண்ணாவையில் தேங்காய் விலை ஏறியிருந்தது. மெழுகுதிரி எந்தக் கடையிலும் இல்லை.

தோட்டத்து மிட்வைஃப் சுகிர்தா இருவரையும் தராசில் ஏற்றிப் பார்த்தாள். நிரஞ்சன் நின்றபோது முள் அசையவில்லை. ஜெயராணி ஏறியதும் அது நூற்றுப் பதினெட்டுக்குப் போய் நின்றது. முன்பு அவன் அறுபத்து நான்கு, அவள் ஐம்பத்து நான்கு. சுகிர்தா மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, தராசில் பிழையில்லை என்றாள். ஜெயராணி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லி அனுப்பினாள்.

தண்ணீர் வடிந்தது, பாடசாலை திறந்தது, தோட்டத்தின் மேல்பிரிவில் சரியாமல் நின்ற லயத்து வீட்டு வரிசையில் அவர்களுக்கு ஓர் ஒற்றை அறைக் காம்பரா கொடுத்தார்கள். மலைக்கு ஏறுகிற வீதி பாதிக்கு மேல் இல்லாமல் போயிருந்ததால், வெளிநாடு போன மச்சான் விட்டுப்போன, மண்பாதையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளை நிரஞ்சன் எடுத்து ஓட்டத் தொடங்கினான். பழைய டியூபைக் கிழித்து இடுப்பை சீற்றோடு கட்டிக்கொண்டு, மேல்பிரிவுக்குப் பாணும் மாத்திரையும் கொண்டுவந்தான். ஆட்கள் பழகிவிட்டார்கள். அவன் கண்டிக்கு பஸ்ஸில் போன நாளில், கனமில்லாதவனுக்கு அரை டிக்கட் போதாதா என்று யாரோ கேட்க, சீற்றில் இருந்தால் முழு டிக்கட்தான் என்று கொண்டக்டர் சொல்லி வாங்கிக்கொண்டான். ஜெயராணி ஈரமண்ணில் நடந்தால் கணுக்கால் வரைக்கும் புதைந்தாள். அதனால் அவள் வாசலோடு நின்றுகொண்டாள். மகளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கனத்தைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை.

எட்டாம் மாத முடிவில் சுகிர்தா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். வலி எடுப்பதற்கு முன்னால் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒப்பரேசன் செய்ய வேண்டும். இங்கேயே வலி வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று நிரஞ்சனை வெளியே கூப்பிட்டுத் தனியாகச் சொன்னாள். லயத்து ஆண்கள் ஆறு பேர் கம்பளியில் மூங்கில் கோர்த்து அவளைத் தூக்கினார்கள். மூங்கில் உடைந்தது. மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்கள். கோவில் திருப்பம் வரைக்கும் போனது. அங்கே செயின் பட்டென்று அறுந்து, சவுக்கு மாதிரிப் பின்னால் போய் விழுந்தது. சரிவு தொடங்குவதற்கு முன்னால் அறுந்தது நல்லதாகப் போயிற்று. ஜெயராணி இறங்கி, ஒவ்வோர் அடியிலும் புதைந்து புதைந்து வீட்டுக்கு வந்தாள்.

நிரஞ்சன் அன்றைக்கே கண்டிக்குப் போய்ப் புதுச் செயின் வாங்கினான். வண்டி மலையில் கிடந்ததால் பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருந்த அஸ்ஃபரைக் கூப்பிட்டான். அவர் மறுநாள் காலையில் கராஜைச் சாத்திவிட்டு, சாமான்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறிவந்தார். நிரஞ்சனின் காலைக் கயிற்றில் கட்டித் தன்னையும் மேலே இழுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம், மூச்சாவது மிஞ்சியிருக்கும் என்று வாசலில் வந்து விழுந்தார்.

திருப்பத்திலிருந்து வாசலுக்கு உருட்டி வந்திருந்த வண்டியை ஒரு பெட்டிமேல் ஏற்றிவைத்துப் பழைய பல்சக்கரங்களைத் துடைத்துப் பார்த்தார்கள். தேய்மானம் இல்லை. புதுச் செயின் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும். மிச்சக் கண்ணிகளை வெட்டி எடுத்துவிட வேண்டும். அஸ்ஃபர் செயினைச் சுற்றிப் போட்டு, நடுவில் விரலால் தூக்கிப் பார்த்து, மூன்று விரல் தளர்வு விட்டார். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, எப்போதும் செய்வதுபோல நிரஞ்சனை ஏறி உட்காரச் சொன்னார். ஆள் ஏறினால் பின்பக்கம் அமிழும், அமிழ்ந்தால் செயின் இறுகும், இந்த வண்டிகளுக்குப் பின்பக்கம் அதிகமாக அமிழும் என்பது இருவருக்கும் தெரிந்த விசயம்தான். நிரஞ்சன் ஏறினான். செயின் அப்படியே இருந்தது. அஸ்ஃபர் திருப்தியோடு உளியை எடுத்து வெட்ட வேண்டிய கண்ணியில் வைத்தார்.

"அஸ்ஃபர் நானா, வெட்டாதீங்க," என்றாள் ஜெயராணி வாசலிலிருந்து.

"ஏன் தங்கச்சி? ஆளை ஏத்திப் பாத்துட்டுத்தானே வெட்டுறேன்."

"யார ஏத்திப் பாத்தீங்க? கோழி எறகத் தூக்கி சீற்ல வச்சுட்டு ஆள ஏத்திட்டோம்னு சொல்றீங்க. அவரு கனமும் எங்கிட்டத்தான் இருக்கு. என்னைய ஒக்கார வச்சுப் பாருங்க."

அஸ்ஃபர் உளியைக் கீழே வைத்தார். பலகை போட்டு அவளை நடத்திவந்து ஏற்றினார்கள். பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு அமிழ்ந்தது. செயின் கம்பி மாதிரி விறைத்தது. அஸ்ஃபர் விரலால் அழுத்தினார், நகம் வெளுத்ததே தவிரச் செயின் அசையவில்லை. கோவில் திருப்பத்தில் அறுந்தது ஏன் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் இறங்காமலே இருக்க, அச்சு நட்டைத் தளர்த்தி, பின்சக்கரச் சில்லை இரண்டு பக்கமும் ஒரே அளவாக முன்னுக்குத் தள்ளினார்கள். போதவில்லை. வெட்ட இருந்த கண்ணிகளில் இரண்டை விட்டுவைத்து, மிச்சத்தை மட்டும் வெட்டி மறுபடியும் பூட்டினார்கள். பின்சட்டம் அமிழ்ந்து, முன் பல்சக்கரமும் பின் அச்சும் ஒரே கோட்டில் வந்து, செயின் அதிகமாக இறுகுகிற அந்த இடத்திலும் ஒரு விரல் தளர்வு நின்ற பிறகுதான் அஸ்ஃபர் நட்டை இறுக்கினார். பூட்டுக்கண்ணியின் திறந்த வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறதா என்று நிரஞ்சன் குனிந்து பார்த்தான். அவனுடைய முகம் அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ரொம்பக் கனமா இருக்கா?" என்று செயினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இருக்குதான். நான் புடிச்சிருக்கேன். நீங்க ஓட்டுற வேலையப் பாருங்க."

அவள் இறங்கியதும் செயின் தொய்ந்து சட்டத்தைத் தொடுவதுபோலத் தொங்கியது. தன் கராஜ் வாசலில் இப்படி ஒரு வண்டி நின்றால் ஊரே சிரிக்கும் என்றார் அஸ்ஃபர். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள் ஜெயராணி. பின்னேரம் அவளுக்கு இடுப்பு கடுக்கத் தொடங்கியது. வெளிச்சம் போவதற்குள் புறப்பட்டார்கள். நிரஞ்சன் முன்னால், அவள் பின்னாலிருந்து அவனுடைய இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தபடி. கோவில் திருப்பத்தைத் தாண்டினார்கள். சரிந்த மண்மேல், மகளோடு இருந்த பழைய வீட்டின் இடத்தைத் தாண்டும்போது அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்தாள். அந்த இடத்தில் செயின் ஒருமுறை சட்டத்தில் தட்டியது, அறுந்துபோகவில்லை. தார் வீதிக்கு வந்தபோது, குறுக்குப் பாதையால் நடந்து இறங்கிய சுகிர்தாவும் அஸ்ஃபரும் த்ரீவீலரோடு காத்திருந்தார்கள். ஜெயராணி கால் வைத்ததும் அதன் டயர் சப்பையாகிப்போனது. அதனால் கண்டி வரைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போனார்கள்.

குறுக்கே கிடந்தது பெண்பிள்ளை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பரேசனுக்குப் பிறகும் ஜெயராணியின் கனம் பிள்ளையின் அளவுக்குத்தான் குறைந்தது. வார்ட்டில் இரண்டு கட்டில்களைச் சேர்த்துக் கட்டி, கீழே கல் அடுக்கி அவளைப் படுக்கவைத்தார்கள். முதல்நாள் பார்வை நேரத்தில் நிரஞ்சன் உள்ளே வந்தபோது மேலே ஓடிய மின்விசிறி அவனைச் சுவரோடு கொண்டுபோய் ஒட்டிவிட்டது. நர்ஸ் விசிறியை நிறுத்தி, அவனை இழுத்துவந்து, பிள்ளையைக் கையில் கொடுத்தாள். பிள்ளையின் கனத்துக்கு எவ்வளவோ அவ்வளவு இறங்கி, பெருவிரல்கள் சீமெந்தில் பட அவன் நின்றான். விசிறி நின்றதில் புழுக்கம் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் அன்றைக்குச் சலித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவன் வாசலில் தெரிந்ததுமே, யன்னலோரக் கட்டிலில் இருந்த பெண் தன் பிள்ளையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, எழுந்து போய் விசிறியின் சுவிட்சை அணைத்தாள்.