பாத்துகினுதான இருந்தாரு

குழாயடியில் உட்கார்ந்து, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான் அருள்நாதன். பெரிய வியாழக்கிழமை மத்தியானம். சாயங்காலப் பூசையில் பங்குச் சாமியார் ஆம்பிளைகள் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, சேசுநாதர் சீஷர்களுக்குச் செய்த மாதிரி, மண்டிபோட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அவர் கழுவுவதற்கு முன்னால் அவனவன் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு போவதுதான் வழக்கம். அழுக்குக் காலைக் கொண்டுபோய்ச் சாமியார் மூஞ்சிக்கு நேரே நீட்ட யாருக்கு மனசு வரும்? ஆகக் கோயிலில் கழுவப்படுகிற காலெல்லாம் ஏற்கெனவே கழுவின கால்தான்.

"இன்னாயா இந்தத் தேய் தேய்க்கிற? தோலு பேந்துக்கப் போவுது," என்றாள் வியாகுலம்மாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "நம்ம கண்ணாலத்துக்குக்கூட நீ இப்டி கால் கயுவல."

அருள்நாதன் சிரிக்கவில்லை. பெண்டாட்டியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பாத வெடிப்புகளுக்குள் புண்ணாக்குத் தூள் போய் உட்கார்ந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் மஞ்சளாகக் கொஞ்சம் வந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் ராயபுரத்து ஜனங்கள் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். துறைமுகத்திலோ சீமை மாடுகள் தின்பதற்கு மூட்டை மூட்டையாகக் கடலைப் புண்ணாக்கு கப்பலேறியது. அருள்நாதன் கப்பல் மேல்தட்டில் வின்ச் ஓட்டுகிறவன். கரையிலிருந்து கயிற்று வலையில் கட்டின மூட்டைகளைத் தூக்கி, அந்தரத்தில் திருப்பி, கப்பலின் அடிக்கிடங்கில் இறக்க வேண்டும். லீவரை ஒரு சாண் அசைத்தால் ஒரு வீட்டைத் தூக்குகிற பலம் அதற்கு உண்டு. ஆனால் அவன் நிற்கிற இடத்திலிருந்து கிடங்கின் அடி தெரியாது. கீழே ஆள் இருக்கிறானா, ஒதுங்கிவிட்டானா என்று பார்த்துச் சொல்வதற்குக் கிடங்கின் வாயருகே ஒருத்தன் நிற்பான். விரித்த கையைக் கீழ்ப்பக்கமாக அசைத்தால் இறக்கு. முஷ்டி பிடித்தால் நிறுத்து. கத்தினால் காதில் விழாத அந்த இரைச்சலில் கைதான் பேச்சு. இக்னேஷியஸின் கை மாதிரி ஒரு கை துறைமுகத்தில் கிடையாது என்பார்கள். முட்டையைக்கூட உடையாமல் இறக்கவைப்பான்.

இரண்டு பேரும் ஒரே கேங்கு, ஒரே பங்குக் கோயில், சின்ன வயசிலிருந்தே தோஸ்து. பன்னிரண்டு பேரில் வருஷா வருஷம் உட்காருகிறவன் இக்னேஷியஸ்தான். இந்த வருஷம் அவன் உட்காரக் கூடாது என்று ஊரே சொல்லிவிட்டது. தவக்காலத்தின் நடுவில், இக்னேஷியஸ் கை காட்ட அருள்நாதன் இறக்கிய பாரம், கிடங்குக்குள் இருந்த தாமஸின் மேல் இறங்கிவிட்டது. தாமஸ் நடுவில் கிடந்த தன் துண்டை எடுக்க வந்திருந்தான். கரையிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட இக்னேஷியஸ் திரும்பினான். முகம் திரும்பியதே தவிர, கை பழக்கத்தில் அசைந்துகொண்டே இருந்தது. விசாரணையில் அவனே எல்லாவற்றையும் சொன்னான். வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அருள்நாதனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வின்ச்காரன் கையைத்தானே பார்க்க வேண்டும், அவன்மேல் என்ன தப்பு?

அவன்மேல் என்ன தப்பு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குச் சில நாள் முன்னால் இதே மாதிரி இக்னேஷியஸின் முகம் ஒருமுறை திரும்பியது. கை இறக்கு என்றது. அருள்நாதனுக்குச் சரியாகப் படவில்லை, லீவரை இழுத்து நிறுத்திவிட்டான். பாரம் அந்தரத்தில் ஆடியது. கீழே யாரும் இல்லை. இக்னேஷியஸுக்கு வந்ததே கோபம். ஓடி வந்து, "என் கை பேசிகினு கீது, நீ இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்கற? பொண்ணு பாக்க வந்தியா?" என்றான். கேங்கு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அருள்நாதனுக்குப் பேரே மாப்ளே. டீக்கடையில் மாப்ளே, சம்பள வரிசையில் மாப்ளே. அவனும் கூடச் சிரித்தான். உள்ளே மட்டும் ஒரு முள் நின்றுவிட்டது.

தாமஸ் செத்த அன்றைக்கும் அருள்நாதன் முகம் திரும்பியதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். லீவரில் கை இருந்தது, இழுக்க நேரமும் இருந்தது. 'கைதான் பேசுதே, இறக்கிட்டாப் போச்சு. ஏதாவது இடிச்சிகினு மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கட்டும். அப்பதான் என் அருமை தெரியும்' என்று நினைத்தான். ஒரு பழைய துண்டும் அதை எடுக்க வந்த ஒரு மனுஷனும் அவன் நினைப்பிலேயே இல்லை. நினைத்ததெல்லாம் இக்னேஷியஸ் திட்டு வாங்குவதை மட்டும்தான். அவ்வளவு சின்ன கெட்ட எண்ணம். கொசுவை அடிக்கிறபோதுகூட அதைவிடப் பெரிய வன்மம் வரும்.

அடக்கத்தன்று கல்லறையில் சாமியார் தேவசித்தம் என்று சொல்லப்போக, தாமஸின் பெண்டாட்டி சிலுவையம்மாள் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரால எல்லாம் முடியும்னு சொல்றீங்களே சாமி. அவரு பாத்துகினுதான இருந்தாரு? பலம் அவரு கையிலதான இருந்துச்சு? ஒரு நொடி நிறுத்தக்கூடாதா? இன்னா கெட்டுப் பூடும் அவருக்கு?"

கடவுள் மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், அதில் நல்லதும் வரும் கெட்டதும் வரும், இடையில் கையைப் பிடித்தால் அது சுதந்திரமாகாது என்று சாமியார் மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. சிலுவையம்மாளின் காதில் அது ஏறவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த அருள்நாதனுக்கோ அவள் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் தன் பேரைச் சொல்லிக் கேட்ட மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டுதானே இருந்தான். பலம் அவன் கையில்தானே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் உபதேசியார் வந்து, இக்னேஷியஸ் இடத்தில் நீ உட்காரு என்றார். "அவன் வந்தா நான் கோயில் படி மிதிக்கமாட்டேன்னு சிலுவையம்மா சொல்லிட்டா. நீன்னா அவளுக்குச் சம்மதம். அந்த அண்ணன் இன்னா பண்ணும் பாவம், அதுவும் மனசொடிஞ்சி கீதுன்னா," என்றார். முடியாது என்று சொல்ல அருள்நாதனுக்கு வாய் வரவில்லை. முடியாதென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குப் போகிற வழியில் இக்னேஷியஸின் சந்துக்குள் திரும்பினான். அவனிடம் கேட்காமல் உட்காருவது சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் வேண்டாம் என்று சொன்னால் தப்பித்தோம் என்றும் உள்ளே ஒரு கணக்கு ஓடியது.

இக்னேஷியஸ் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி ஃப்ளோரா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா மாப்ளே," என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்னபிறகு இருவருமே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நீயாவது சொல்லுண்ணே," என்றாள் ஃப்ளோரா உள்ளேயிருந்து. "இந்த ஆளு சோத்தக்கூட எடது கையால துன்னுது. கொயந்தைங்க பாத்து பயப்படுதுங்க."

அருள்நாதன் நின்றபடியே சொன்னான். "உன் எடத்துல என்னிய குந்தச் சொல்றாங்கடா. நீ வேணாம்னா நான் போவல."

"குந்துடா. காலியா வுட்டா பதினோரு பேராப் பூடும். சாமியாரு கணக்கு ஒதைக்கும்." இக்னேஷியஸ் சிரிக்கப் பார்த்தான். "சேசுநாதரோட பன்னண்டு பேர்லயே ஒருத்தன் காட்டிக் குடுத்தவன்தான. அவன் காலையும் சேத்துத்தான கயுவினாரு."

"அந்த வாயக் கயுவு மொதல்ல," என்றாள் ஃப்ளோரா.

பக்கத்து வீட்டுக் கூரையில் கருவாடு காய்கிற வாசனை வந்தது. இக்னேஷியஸ் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அன்னிக்கி நான் திரும்புனேன் பாரு. அத நீ பாத்தியா?"

உள்ளே புளி ஆய்கிற சத்தம் நின்றது. ஒரு வார்த்தை போதும். பாரம் இரண்டாகப் பிரிந்து, இக்னேஷியஸின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிடும். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதன் பின்னால் சிலுவையம்மாளின் முகம் வந்தது, கேங்கு வந்தது, வேலை அட்டை வந்தது.

"நான் கையத்தான் பாத்தேன்," என்றான்.

இக்னேஷியஸ் தலையை ஆட்டினான். "அதான. பாத்திருந்தா நிறுத்தியிருப்ப. முன்ன ஒரு தபா நிறுத்தினவனாச்சே நீ." பிறகு, தலையில் மூட்டையை ஏற்றுகிறபோது சொல்கிற மாதிரி, "சரி," என்றான். "இத்தினி நாளா ஆண்டவரக் கேட்டுகினு கீறேன். அவரு வாயே தொறக்கல. நீயாவது பதில் சொன்னியே. போய்ட்டு வா."

வெயில் இறங்கியிருந்தது. அருள்நாதன் நடந்தான். ரயில் பாலத்துக்குக் கீழே ஆட்கள் அவனைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கினார்கள், வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அவனுக்கு ஒரு விபரீதமான யோசனை வந்தது. கடவுளும் ஒரு காலத்தில் நிறுத்திப் பார்த்திருப்பாரோ? மனுஷன் கை தப்பாகக் காட்டுகிறபோதெல்லாம் லீவரை இழுத்துப் பிடித்திருப்பாரோ? என் கையைப் பாரு, மூஞ்சியைப் பார்க்காதே என்று மனுஷன் அவரை ஏசியிருப்பான். ஊரே சிரித்திருக்கும். அந்த முள்ளோடு அவரும் அன்றிலிருந்து கையைப் பார்த்து இறக்கிக்கொண்டே இருக்கிறாரோ? சாமியார் அதற்குத்தான் சுதந்திரம் என்று நல்ல பேர் வைத்திருக்கிறாரோ? சீச்சீ என்று தலையில் குட்டிக்கொண்டான். அவர் அப்படிப்பட்டவராக இருக்க மாட்டார். இருந்தால் அவருக்கும் சோறு இறங்காது, தூக்கம் வராது, யாராவது பேர் சொல்லிக் கேட்டால் பதில் வராது. பதில்தான் வரவில்லையே என்றும் தோன்றியது. அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது.

கோயிலில் உட்கார இடமில்லை. பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சில் பன்னிரண்டு பேரும் வலது காலை நீட்டி, விரல்களைச் சுருட்டி, மாப்பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் தாம்பாளத்தையும் செம்பையும் ஏந்தி வர, சாமியார் ஒவ்வொருத்தனுக்கு முன்னாலும் மண்டிபோட்டு, முட்டி வலிக்க எழுந்து, அடுத்தவனுக்கு முன்னால் மண்டிபோட்டார். பெஞ்சின் கடைசியில் அருள்நாதன். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், தரையில், வெள்ளைப் புடவையில் சிலுவையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் சின்னப் பெண் அம்மாவின் மடியில் தலைவைத்து, நடைபாதை வரைக்கும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. சிலுவையம்மாள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சாமியார் அவன் முன்னால் மண்டிபோட்டார். நரைத்த தலை அவன் முழங்காலுக்குக் கீழே வந்தது. செம்புத் தண்ணீர் கணுக்காலில் சில்லென்று விழுந்தது. அவர் குனிந்து உதட்டைக் கொண்டுவந்தபோது அருள்நாதன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"கூச்சமாப்பா?" என்றார் சாமியார் தாழ்ந்த குரலில். "எல்லாருக்கும் கூச்சந்தான். குடு."

"சாமி, நான் பாத்தேன்."

"என்னத்தப் பாத்த?"

"ஒயுங்கா குந்துய்யா," என்று உபதேசியார் பல்லைக் கடித்தார். பாடகர் குழு கடைசி வரியைத் திரும்ப ஆரம்பித்தது. சாமியார் துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

அருள்நாதன் எழுந்தான். பீடத்துப் படியில் இறங்கி, பாடுகிற வாய்களெல்லாம் ஒன்றொன்றாய் நிற்க, சிவப்புத் தரையில் ஒரு கால் ஈரமாகவும் ஒரு கால் காய்ந்தும் பெண்கள் பக்கமாக நடந்தான். சிலுவையம்மாளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். அவனுக்கு உடம்பு சரியில்லை, வெளியே போக வழி தேடுகிறான் என்று அவள் நினைத்தாள் போலிருக்கிறது. நடைபாதையில் கிடந்த பெண்ணின் கால்களை, தூக்கம் கலையாமல் மெல்ல எடுத்து மடிக்குள் மடக்கிக்கொண்டாள்.

"போண்ணே," என்று அவனுக்கு வழிவிட்டாள்.