ஒரு தடவை தொட்ட சூடு

கரிமூட்டம் என்றாலே எனக்குப் பயம். விறகை அடுக்கி மண் பூசி மூடி, உள்ளே கனலவிட்டுக் கரியாக்கும் மேடு அது. 1993-இல் பூமிநாதன் மாமா, நெருப்பு அணைந்துவிட்டது என்று நம்பி ஒரு மூட்டத்தின் மேல் ஏறினார். மேல்மண் உள்வாங்கி, இடுப்பளவு கங்குக்குள் போனார். அவரைத் தூக்கி வந்த கட்டிலை நான் பார்த்தேன். அதிலிருந்து, திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டுக்கு எப்போது வந்தாலும் மூட்டங்களைச் சுற்றி விலகித்தான் நடப்பேன்.

1994 மே மாதம் லீவில் வந்திருந்தேன். பையில் என் ஆராய்ச்சிக் கட்டுரை. ஒரு நட்சத்திரம் திடீரென்று பிரகாசித்து, இரண்டே மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. 'வெடித்துச் செத்தது என்று எழுதி அனுப்பு' என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறுத்தல். அதைச் சுற்றியிருந்த தூசியிலிருந்து சூடு வருவதை அகச்சிவப்புக் கருவியில் ஒரே ஒரு ராத்திரி அளந்திருந்தேன். அது செத்த நட்சத்திரத்தின் மிச்சச் சூடா, இல்லை தூசிக்குள் ஒளிந்துகொண்டு உயிரோடு எரிகிறதா?

காலை ஆறு மணிக்கு அப்பா காட்டுக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷம் கரி சுட்டதில் அப்பா சுவாமிதாஸின் உள்ளங்கை காய்த்துப்போய் லேசான சூடெல்லாம் உறைக்காது. வழக்கமாகத் தொட்டுச் சொல்லும், அப்பாவோடு கரி சுடும் மொக்கையன் அண்ணன், லோடு ஏற்ற லாரி கூட்டிவர அருப்புக்கோட்டை போயிருந்தார்.

"ஏம்மா ஈவா, வானத்துச் சூட்டையே அளக்குறவ. நம்ம மூட்டம் ஆறிருச்சான்னு தொட்டுச் சொல்லேன். பொக நின்னு மூணு நாளாச்சு."

மேற்குப் பக்கம் எட்டி நின்றபடி கையை வைத்தேன். இளஞ்சூடுதான். எனக்கு அங்கிருந்து ஓடினால் போதும் என்றிருந்தது.

"ஆறிருச்சுப்பா."

வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்தேன். பேராசிரியர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஓரத்தில் அழுத்தி எழுதினேன்: 'ஒரு தடவை அளந்த சூடு எதையும் சொல்லாது. மறுபடி அளக்க வேண்டும். குறைந்திருந்தால் செத்தது. குறையாவிட்டால் உள்ளே எரிகிறது.'

எழுதிய கை அப்படியே நின்றது. மூட்டத்தை நான் எத்தனை தடவை தொட்டேன்?

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். காலில் கருவேல முள் ஏறியதை அப்புறம்தான் பார்த்தேன். அப்பா மூட்டத்தைப் பிரிக்க அதன் உச்சியில் நின்று கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தார். மேற்குப் பக்கத்தில் வெயில் இன்னும் விழவில்லை. காலையில் தொட்ட அதே இடத்தில் கையை வைத்தேன். சுரீரென்றது. வெயில் சூடில்லை, உள்ளிருந்து ஏறும் சூடு.

"அப்பா! அசையாதீங்க! உள்ள நெருப்பு இருக்கு!"

"நீதான ஆறிருச்சுன்ன?"

"தப்பா சொல்லிட்டேம்பா. கால எடுத்து வைக்காதீங்க!"

அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். மூங்கில் ஏணியை இழுத்து வந்து மூட்டத்தின் மேல் கிடத்தினேன். அது இரண்டு தடவை நழுவியது. 'இயேசப்பா, இயேசப்பா' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கடப்பாரையை மெல்லக் காலடியிலேயே வைத்துவிட்டு, ஏணியில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கி வந்தார்.

அவர் கால் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்தில், அவர் நின்றிருந்த இடம் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. கடப்பாரையும் போனது. குழிக்குள் செக்கச்செவேலென்று கங்கு தெரிந்தது.

இருவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழாமல் இருந்திருப்பேன். கன்றிப்போன என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் கேட்டார். "ஒன் நட்சத்திரம் செத்துருச்சா, இருக்கா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னே எழுது தாயி," என்றார்.