கூரை போட்ட நாள்

"தேர்வுக்கு வரவில்லை" என்றது கணினித் திரை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பெரிய மகளின் தேர்வு எண்ணை நானே பார்த்துப் பார்த்து அடித்திருந்தேன். கட்டடக்கலைக் கல்லூரிக்கான நுழைவுத்தேர்வு, வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். என் மேஜையைச் சுற்றி அலுவலகமே நின்றுகொண்டிருந்தது. அம்மாவும் மகளும் ஒரே தொழில் என்று பதினெட்டு நாளாக நான் அடித்த தம்பட்டத்தைக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள், பாவம், கேக் வாங்கிவைத்துக் கத்தியோடு காத்திருந்தார்கள்.

தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. கட்டுமான இடத்தில் லாரி சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. போனை எடுத்த அம்மாள் பொறுமைசாலி.

"மேடம், வருகைப் பதிவைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். உங்க பொண்ணு கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியா இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"மூணு தடவை பாத்துட்டேன். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டேனே தவிர, பதிலைக் காதில் வாங்கவே இல்லை.

தேர்வு நடந்த நாள் எனக்குக் கூரை போடும் நாள். பேருந்து நிலையம் ஒன்றின் கூரை. நடுவில் தூணே இல்லாத அகலக் கூரை. இருபது வருடம் பிறர் பெயரில் வரைந்த பிறகு என் பெயரில் வந்த முதல் பெரிய வேலை. இந்த மாதிரிக் கூரைக்குக் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டுத் தொடர்ந்தால் பழையதும் புதியதும் சரியாக ஒட்டாது, பின்னால் அந்தக் கோட்டின் வழியாகத்தான் மழைத் தண்ணீர் இறங்கும். விடிந்தும் விடியாததுமாகத் தொடங்கினோம்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஏழு மாதம் தண்ணீரில் இருப்பார், மிச்ச ஐந்து மாதம் வீட்டில் தூங்குவார். அன்று தண்ணீரில் இருந்தார். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே நான் ஏற்பாடு செய்திருந்தேன். எட்டரைக்கு வாடகைக் கார் வரும். ஆறு வயதுச் சின்னவளை, 'வாலு' என்று கூப்பிடுவோம், பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் பெரியவள் காரில் ஏறிக்கொள்ள வேண்டும். வரைபடம் போட்டுக் கொடுக்காத குறைதான்.

ஏழரைக்குப் பெரியவள் போன் செய்தாள்.

"அம்மா, வாலுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா."

"மருந்து குடு. அலமாரியில மேல் தட்டுல இருக்கு."

"குடுத்துட்டேன். அதையும் சேர்த்துதான் எடுத்துட்டா. நீ வர முடியுமா?"

"கான்கிரீட் ஓடிட்டிருக்கும்மா. நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு நீ கிளம்பு. டென்ஷன் ஆகாம எழுது, என்ன?"

"சரிம்மா" என்றாள்.

பக்கத்தில் நின்ற சைட் இஞ்சினியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போயிட்டு வாங்க மேடம், நாங்க பாத்துக்கிறோம். நீங்களா மம்பட்டி பிடிக்கப் போறீங்க?" என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் என் அன்றைய முதலாளி எல்லார் முன்னாலும், "வீட்ல கூப்பிட்டா ஓடுற ஆளை நம்பி எப்படிம்மா கட்டடத்தைக் குடுக்கிறது? நீ திரைச்சீலைக்குக் கலர் பாரு" என்றார். மூன்று வருடம் திரைச்சீலைக்குக் கலர் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தையும் விட்டு நான் ஓடியதில்லை. அந்த ஆள் ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிறது. நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை உடம்பெல்லாம் சிமெண்டோடு வீடு திரும்பினேன். வாலு தூங்கிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் இறங்கியிருந்தது. "பரீட்சை எப்படி?" என்று பெரியவளிடம் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. கான்கிரீட் நன்றாக இறுகக் கூரைமேல் தண்ணீர் தேக்கிவைப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது அவளும் தூங்கியிருந்தாள். நல்லாத்தான் எழுதியிருப்பாள், என் மகளாயிற்றே என்று நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன். பத்து வயதிலிருந்து கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் படிக்கட்டு வரைபவள். அவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை தானேதான் வளர்ந்தாள். போதாதென்று தங்கையையும் சேர்த்து வளர்த்தாள்.

தேர்வு அலுவலகத்துப் போனை வைத்ததும், கேக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வாலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் என்னைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரிசல்ட் வந்துடுச்சா?" என்றாள்.

"நீ ஏன் போகல?"

"அக்கா வீடு பூட்டியிருந்துச்சும்மா. அவங்கம்மாவுக்கு முடியலைன்னு விடியக்காலையிலேயே ஊருக்குப் போயிட்டாங்களாம்."

"அப்போ அந்தக் கார்?"

"வந்துச்சு. அதுலதான் இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்."

அந்தப் பதினெட்டு நாளும் இவர்கள் தூங்கிய பிறகே வீடு திரும்பிய நான், ஆஸ்பத்திரி என்ற சொல்லையே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். "எனக்கு ஊசி போட்டாங்க, நான் அழவே இல்ல" என்று வாலு பெருமையாகச் சொன்னாள்.

"அழுதா" என்றாள் பெரியவள். "வலிப்பு வந்துரும்னு பயந்தாங்க. கையெழுத்துப் போட அம்மாவை வரச் சொல்லுன்னாங்க. எனக்குப் பதினெட்டு வயசுன்னு சொல்லி நானே போட்டுட்டேன்."

அவளுக்குப் பதினேழுதான்.

"எனக்கு இன்னொரு போன் பண்ணியிருக்கலாமேடி."

"நிறுத்த முடியாதுன்னு சொன்னியேம்மா." சண்டைக்கு இழுக்கும் குரலில் சொல்லவில்லை. நான் சொன்னதை என்னிடமே எடுத்துச் சொன்னாள், அவ்வளவுதான். "நிஜமாவே நிறுத்த முடியாதுல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். கான்கிரீட்டைப் பற்றி அவளுக்கு விளக்கியதே நான்தான், நம்பியிருப்பாள்.

"கான்கிரீட்டை நிறுத்த முடியாது. ஆனா நான் வந்திருக்கலாம்" என்றேன். "இஞ்சினியர் போகத்தான் சொன்னார்."

அவள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். இதுவரை அழாதவள் இப்போது அழுதாள், சத்தமில்லாமல், தங்கை பார்க்காதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. பரீட்சை போனதற்கு அழவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தொட்டால் தட்டிவிடுவாளோ என்று பயந்துகொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்தது அன்றுதான் முதல் தடவை.

"அடுத்த வருஷம் எழுதும்மா. உனக்கு இன்னும் ஆசை இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப இருக்கு."

"அன்னிக்கு நான் வீட்ல இருப்பேன். நானே உன்னைக் கூட்டிட்டுப் போயி, வாசல்ல உட்கார்ந்திருப்பேன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்ற தவிப்பு அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. "அடுத்த வருஷம் உனக்குக் கூரை எதுவும் இருக்காதா?"

இருக்காது என்று பட்டென்று சொல்லியிருக்க வேண்டும். இருந்தால் இருக்கட்டும், நான் போகமாட்டேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன வாரம்தான் ஆறு மாடிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அனுமதிக்கு இரண்டு மாதம், அஸ்திவாரத்துக்கு நான்கு, பிறகு மாடிக்கு ஒரு மாதம் வீதம் ஆறு என்று என் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மடியில் கிடந்த கையில் கட்டைவிரல், என்னையும் அறியாமல், விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

பெரியவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நின்றதும் கேட்டாள்.

"கூரை எந்த மாசம்மா வருது?"

"அதே மாசம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தங்கையின் இன்னொரு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகம் வெட்ட ஆரம்பித்தாள்.