வாசலை அடைத்து நின்றவர்கள்

1.
இது என் கதையில்லை. மாலை வகுப்பில் கம்பியில்லா இணைப்பைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, வீட்டில் வைஃபை அலையைத் தடுப்பவை எவை என்று ஆசிரியர் கேட்டார். கான்கிரீட் சுவர், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, இரும்பு அலமாரி என்று ஆளுக்கொன்று சொன்னோம். பக்கத்து இருக்கைக்காரன் மட்டும், "எங்க அம்மா" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

2.
அவனுடைய அண்ணியின் கைகள் பேசும். அவை ஒரு...
[எல்லோரும் எழுதுகிற வரி. விட்டுவிட்டேன்.]

2 (மறுபடியும்).
மருத்துவர் சொல்வதைக் காது கேளாத நோயாளிக்குச் சைகையில் சொல்வது அண்ணியின் வேலை. அதை வீட்டிலிருந்தே வீடியோவில் செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. அதற்கு ஒரு தேர்வு. நமக்குப் படம் நின்றாலும் குரல் வரும், சமாளித்துவிடுவோம். அண்ணிக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். மூன்றாவது முறை நின்றால் வேலை இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

கொழுந்தனான அவன் பொறுப்பேற்றுக்கொண்டான். காலையில் வீடு காலியாக இருந்தபோது செல்பேசியும் கையுமாக அறை அறையாக நடந்து சிக்னல் பார்த்தான். ரவுட்டர் கூடத்தில், அண்ணியின் அறை கடைசியில், நடுவில் தடித்த சுவர். திறந்த வாசல் வழியாக மட்டுமே அலை ஒழுங்காக வந்தது. மேசையை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டான்.

"கவலைப்படாதீங்க அண்ணி. பளிச்சுனு தெரியும்."

(நேராகக் கம்பியிலேயே இணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கம்பி அந்த அறைவரை எட்டவில்லை.)

3.
இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். அம்மாவைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டால் கதை சுலபம். ஆனால் அவன் சொன்ன அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. "கையை ஆட்டுறதுக்கு ஒரு சம்பளம்" என்பாள், அவ்வளவுதான். மருமகள் அந்த வேலையைச் செய்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

தேர்வு தொடங்கியது. தேர்வாளரும் காது கேளாதவர். குழந்தையின் காய்ச்சல், மருந்தின் அளவு, தாயின் பயம் எல்லாம் அண்ணியின் விரலிலும் தோளிலும் வந்து வந்து போயின. மடித்த துணிகளோடு அந்தப் பக்கம் போன அம்மா வாசலில் நின்றாள். நின்றவள் நகரவில்லை. அப்பாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அப்பா அண்ணனைக் கூப்பிட்டார்.

"புருவத்தப் பாருங்க," என்று அம்மா கிசுகிசுத்தாள். "அதுகூடப் பேசுது."

படம் நின்றது.

அவன் கூடத்துக்கு ஓடினான். ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து மூன்று முதுகுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். மீன்தொட்டி அலைக்குச் செய்வதை நாமும் செய்வோம். அவன் அளந்தது ஆளில்லாத வீட்டை. இப்போது வாசல் நிறைய ஆட்கள், வாய் பிளந்து வியந்தபடி.

படம் தானாக மீண்டு, இரண்டாவது முறையும் நின்றது.

4.
முடிவு அ: "கொஞ்சம் நகரும்மா" என்கிறான். அம்மாவின் முகம் சுருங்குகிறது. நமக்கெதுக்கு என்று போனவள் இனி அந்த வாசலுக்கு...
[எழுத மனம் வரவில்லை.]

முடிவு ஆ, அவன் உண்மையில் செய்தது: அவர்கள் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நாற்காலியைப் போட்டான். கம்பி எட்டும் மட்டும் ரவுட்டரைக் கொண்டுவந்து, ஏறி நின்று, எல்லோர் தலைக்கும் மேலே தூக்கிப் பிடித்தான். படம் தெளிந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீ எதுக்குடா கையத் தூக்கிட்டு நிக்கிற?"

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பேருந்து வந்துவிட்டது. மறுநாள் நான் மீதியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் அதை நான் திருத்தித்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே நீங்களே முடிவு செய்யுங்கள். உண்மையைச் சொன்னால் அம்மா விலகிவிடுவாள், ஒருவேளை ஒரேயடியாக. சொல்லாவிட்டால் மீதித் தேர்வையும் அவன் கைகள் தாங்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அவன் தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது, அண்ணி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கிறாள்.