தப்பாகவே படித்த காலுறை

என்னுடைய காலுறை ஒன்று நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தது. நானோ லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் இருவரில் தெருவில் யாருக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால், பிள்ளைகள் தேடி வந்து கை கொடுத்தது காலுறைக்குத்தான்.

அதை வேலைக்குச் சேர்த்தவள் என் மனைவி. தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய பள்ளிக்கூடம். எழுத்துக்குப் பெயர் அப்புறம், முதலில் சத்தம் என்பது அவள் கட்சி. தரையில் பெயின்டால் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு சத்தமாகச் சொல்லிக்கொண்டே ம, ர, ம் என்று தாவினால், கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது பிள்ளையின் வாயில் மரம் முளைத்திருக்கும். 'ப' சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பாள். சரியாகச் சொன்னால் காகிதம் ஆடும்.

ஒரு பையன் சொன்ன 'ப'வில் அந்தக் காகிதம் ஜன்னல் வழியாகப் பறந்து எதிர்வீட்டு மொட்டைமாடியில் போய் விழுந்தது என்று நான் கடைத்தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

"மொட்டைமாடியில இல்லைங்க, மாடிப்படியில," என்பாள் டீச்சர்.

அதுதான் அவள் குணம். பறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். விழுந்த இடம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் லிஃப்ட் கதைக்கும் அதே கதிதான். பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்றில் ரிப்பேர் முடித்து, சோதித்துப் பார்க்க மேலே போனேன். லிஃப்ட் பதினோராவது மாடியில் நிற்கவில்லை. இன்னும் ஒரு மாடி ஏறி நின்றது. கதவு திறந்தால் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். இதை நான் எந்த விருந்தில் சொன்னாலும் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒன்பது மாடிங்க."

சரி, காலுறைக்கு வருகிறேன். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயே திறக்காத பிள்ளைகள் சில உண்டு. அவர்களுக்காக, ஜோடி தொலைந்துபோன என் காலுறைக்கு இரண்டு பொத்தான் கண்கள் தைத்தாள். ஒரு கண் பெரியது, ஒன்று சிறியது. உளறுவாயன் என்று பெயர் வைத்தாள். அவன் வேலை எல்லாவற்றையும் தப்பாகப் படிப்பது. படகு படம் போட்ட அட்டையைக் காட்டினால், ரொம்ப யோசித்துவிட்டு, "மடகு" என்பான்.

"சரியா?" என்று கேட்பாள் டீச்சர்.

"தப்பு!" என்ற சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பேசாத பிள்ளையும் எழுந்து நின்று, "மக்கு! ப, ட, கு!" என்று அவனுக்குப் பாடம் நடத்தும்.

"யாரைப் பாத்து இவனைச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"முகம் கழுவப் போறீங்கல்ல, அங்க கண்ணாடி இருக்கு, பாத்துக்கோங்க," என்றாள்.

சரியாகச் சொன்ன பிள்ளைக்கு நெற்றியில் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவாள். உளறுவாயனுக்கு மட்டும் கிடையாது. எங்கள் மகள் அந்த வகுப்பில் இருந்தபோது இதற்காக ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் சண்டை போட்டாள்.

"பாவம்மா அவன். ஒண்ணே ஒண்ணு குடும்மா."

"அவனுக்கு ஸ்டார் குடுத்தா ஆட்டம் முடிஞ்சிரும்டி கண்ணு," என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.

பிறகு மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். நான் ஓய்வு பெற்றேன். டீச்சருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பை அணைப்பது, அப்புறம் எந்த வீடு நம் வீடு என்பது. மகளின் பெயர் ஒரு மழைக்காலத்தில் போயிற்று. என் பெயர் எப்போது போனதென்று தெரியவில்லை, அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே. அந்த வகையில் நான் தப்பித்தேன். பேச்சும் குறைந்துகொண்டே வந்து, ஜன்னலோர நாற்காலியில் வந்து நின்றுவிட்டது.

ஒருநாள் குளிருக்குக் காலுறை தேடி அலமாரியைக் குடைந்தேன். கையில் உளறுவாயன் வந்தான். பக்கத்திலேயே அட்டைக் கட்டும் நட்சத்திரத் தாளும் இருந்தன. சும்மா கையில் மாட்டிக்கொண்டு, படகு அட்டையைப் பார்த்து, "மடகு" என்றேன்.

"தப்பு," என்றாள் டீச்சர். "ப. உதட்டை மூடித் திற. ப, ட, கு. எங்க, சொல்லு."

பல நாளாக ஒரு வார்த்தை பேசாதவள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் கயிறு அறுந்தபோதுகூட அப்படி எதையும் பிடித்ததில்லை. (கயிறு அறுந்த கதை தனி.)

அன்றிலிருந்து தினமும் காலையில் தப்பாகப் படிப்பதே என் தொழில். என்னளவு அனுபவம் உள்ளவனுக்கு அது கஷ்டமில்லை. மரத்தை வரம் என்பேன், குடையை நடை என்பேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?" என்பாள். 'டா' போட்டுத் திட்டு வாங்குவதற்காகவே சீக்கிரம் எழுந்துகொள்வேன்.

மகள் வந்தபோது டீச்சர் செருப்பில்லாமல் பேருந்து நிறுத்தம்வரை போய்வந்திருந்தாள். வழியில் விழுந்தவளைத் தூக்கப் போய் நானும் தோளைச் சுளுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மறதி வந்தவங்களைப் பாத்துக்கற இல்லம் ஒண்ணுல இடம் இருக்குன்னு சொல்றாங்க. ராப்பகலா ஆளு இருப்பாங்க. நல்லா பாத்துக்குவாங்க," என்றாள் மகள்.

"இங்க மட்டும் மோசமாவா பாத்துக்கறேன்?"

"நீங்களும் விழுந்துட்டா உங்க ரெண்டு பேரையும் யாருப்பா தூக்குவா?"

நான் உளறுவாயனைக் கையில் மாட்டி ஆட்டத்தைக் காட்டினேன். டீச்சர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியா? தப்பைப் பிடிக்கிறவரைக்கும் அவ டீச்சர்தான். டீச்சர் இந்த வீட்லதான் இருப்பா," என்றேன்.

"சரிப்பா. பிடிக்கிறவரைக்கும்," என்றாள் மகள். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதென்று ஒப்பந்தமாயிற்று.

குளிர் போய் வெயில் வந்தது. டீச்சரின் திருத்தம் வரத் தாமதமானது. சின்னத் தப்புகள் தப்பித்து ஓடின. நான் தப்புகளைப் பெரிதாக்கினேன். படகைப் பார்த்து யானை என்றேன். அவள் புருவத்தை மட்டும் சுருக்கினாள். அதுவும் ஒரு திருத்தம்தான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன். மகளிடம் தொலைபேசியில், "இன்னிக்குக் காலைல என்னைப் பெஞ்சு மேல ஏத்திட்டா," என்றேன். வீட்டில் பெஞ்சே கிடையாது. அதைச் சுட்டிக்காட்ட ஆளில்லை.

மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்குத் தலைவாரி, அவள் வகுப்புக்கு உடுத்தும் நீலப் புடவையைக் கட்டி உட்காரவைத்திருந்தேன். ஆட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நல்லா இருக்காளே அம்மா," என்றாள் மகள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கா. காபி குடி முதல்ல."

"அப்புறம் குடிக்கிறேன். ஆட்டத்தைக் காட்டுங்கப்பா."

உளறுவாயனை மாட்டினேன். படகு அட்டையை எடுத்தேன். அவள் முதலில் திருத்திய தப்பையே தேர்ந்தெடுத்தேன். நன்றாக, நிறுத்தி, "ம, ட, கு. மடகு," என்றேன்.

டீச்சர் அட்டையைப் பார்த்தாள். காலுறையின் பெரிய கண்ணைப் பார்த்தாள். அவள் உதடு மூடித் திறந்தது. 'ப' வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் கை தட்டினாள்.

"சபாஷ்! சரியாச் சொல்லிட்டியே!" என்றாள். அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்து வெகுகாலமாயிற்று. தாளிலிருந்து ஒரு நட்சத்திரத்தை நகத்தால் பக்குவமாக உரித்தாள். பசை காய்ந்த அதன் முதுகை நாக்கில் தொட்டு, உளறுவாயனின் நெற்றியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த அழுத்தம் காலுறைக்குள் என் விரல்வரை வந்தது.

 படகு அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"அவனுக்கு ஸ்டார் குடுத்துட்டாப்பா," என்றாள் மகள். சாப்பிடாமல் சண்டை போட்ட அதே குரல். பையைக் கீழே போட்டுவிட்டு, தரைக் கட்டங்களின் நடுவே உட்கார்ந்து அழுதாள். டீச்சர் குனிந்து, "அழாத பாப்பா, உனக்கும் தரேன்," என்று இன்னொரு நட்சத்திரத்தை உரிக்கத் தொடங்கினாள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. சுவர் வெள்ளை, கட்டில் வெள்ளை. டீச்சரின் அறை நான்காவது மாடியில். எங்களை அழைத்துப்போன நர்சுப் பெண்ணுக்கு மகளின் வயதுதான் இருக்கும், கலகலவென்று பேசினாள். நான் லிஃப்ட் கதவின் சத்தத்தைக் கவனிப்பதைப் பார்த்து, "என்ன தாத்தா, பயமா?" என்றாள்.

"எனக்கா? பதினோரு மாடிக் கட்டிடத்துல லிஃப்ட் என்னை எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். நாக்குப் பழக்கம்.

டீச்சர் சக்கர நாற்காலியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, முதல் தடவை கதை கேட்கும் பிள்ளையைப் போல என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் காத்திருந்தேன். லிஃப்ட் இரண்டு தாண்டியது. மூன்று தாண்டியது.

"ஒன்பது மாடி," என்றேன் நானே. "ஒன்பதுதான்."

"சரி, ஒன்பது. அப்புறம் என்னாச்சு தாத்தா?" என்றாள் நர்சு.

"ஒண்ணும் ஆகலம்மா," என்றேன். "கீழ இறங்கிட்டேன்."